‘பெர்ஹேப்ஸ்’ பிறந்த கதை: பாதி பிரெஞ்சு, பாதி வைக்கிங்

ஆதியாகமத்தின் 18ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் கடவுளிடம் பேரம் பேசுகிறார். சோதோம் அழியப்போகிறது. ஊருக்குள் ஐம்பது நல்லவர்கள் இருந்தால் அவர்களையும் சேர்த்தா அழிப்பீர் என்று தொடங்குகிறார். ஐம்பது நாற்பத்தைந்தாகிறது. பிறகு நாற்பது, முப்பது, இருபது என்று இறங்கி, பத்தில் வந்து நிற்கிறது. ஆறு முறை கேட்கிறார். 1611இல் வெளியான ஜேம்ஸ் அரசர் ஆங்கில பைபிளில் அந்த ஆறு கேள்விகளையும் ஒரே சொல்தான் தாங்கி நிற்கிறது: ‘பெரட்வெஞ்சர்’, ‘ஒருவேளை’ என்று பொருள்.

இன்று ஆங்கிலம் படிக்கிறவர்கள் அந்த இடத்தில் எதிர்பார்ப்பது ‘பெர்ஹேப்ஸ்’ என்ற சொல்லைத்தான். அது அங்கே இல்லை. அந்த மொழிபெயர்ப்பின் பழைய, புதிய ஏற்பாடுகள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் ‘பெர்ஹேப்ஸ்’ வருவது மூன்றே இடங்களில். அப்போது அது வழக்குக்கு வந்து நூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான இளம் சொல். வேதத்துக்கான கம்பீரம் அதற்கு இன்னும் வரவில்லை. இன்றோ நிலைமை தலைகீழ். ‘பெரட்வெஞ்சர்’ அகராதியில் உறங்குகிறது. ‘பெர்ஹேப்ஸ்’ ஒரு நாளில் எத்தனை மின்னஞ்சல்களில் வருகிறது என்பதற்குக் கணக்கே இல்லை.

நான் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவன். இந்தச் சொல்லை ஆயிரம் தடவையாவது ‘ஒருவேளை’ என்று எழுதியிருப்பேன். அதைப் பிரித்துப் பார்க்கத் தோன்றியது வெகு காலம் கழித்துத்தான். பார்த்தபின் அதன்மேல் ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது. காரணம், இது அறிஞர்கள் உட்கார்ந்து செதுக்கிய சொல் அல்ல. இரண்டு மொழிகளை வாயில் வைத்துக்கொண்டு வாழ்ந்த சாதாரண மனிதர்கள், எது சொந்தச் சொல், எது வந்த சொல் என்ற நினைப்பே இல்லாமல் ஒட்டிவிட்ட சொல்.

அதில் மூன்று துண்டுகள் இருக்கின்றன. முன்னால் ‘பெர்’: லத்தீனில் தோன்றி பிரெஞ்சு வழியாக வந்தது, ‘வழியாக, மூலம், -ஆல்’ என்று பொருள். நடுவில் ‘ஹேப்’: ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது, அதாவது ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தது, ‘அதிர்ஷ்டம், தற்செயல்’ என்று பொருள். கடைசியில் ஒரு ‘ஸ்’. மூன்றையும் சேர்த்தால் ‘தற்செயல்களின் வழியாக’ என்று வரும். ‘விதி எப்படி விழுகிறதோ அப்படி’ என்று தமிழில் சொன்னால் இன்னும் நெருக்கம்.

நடுவில் இருக்கும் ‘ஹேப்’பிலிருந்து தொடங்குவோம். உயிர் அங்கேதான் இருக்கிறது.

793இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம் இருந்த லிண்டிஸ்ஃபார்ன் மடாலயத்தை வடகடல் கடந்துவந்த வைக்கிங்குகள் சூறையாடினார்கள். அடுத்தடுத்து வந்தவர்கள் கொள்ளையடித்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை. தங்கி, நிலம் உழுது, பெண்ணெடுத்துக் குடியேறினார்கள். இங்கிலாந்தின் வடக்கும் கிழக்கும் அவர்களுடைய சட்டம் செல்லும் பகுதியாகி ‘டேன்லா’ என்று பெயர் பெற்றன. டார்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று ‘பி’யில் முடியும் ஊர்ப்பெயர்கள் அந்தக் குடியேற்றத்தின் தடம், நார்ஸ் மொழியில் அந்த ஈறுக்குப் பண்ணை, ஊர் என்று பொருள். 1016இல் டேனியரான கனூட் முழு இங்கிலாந்துக்கும் அரசரானார்.

வந்தவர்கள் பேசிய நார்ஸும், அங்கிருந்தவர்கள் பேசிய பழைய ஆங்கிலமும் ஒன்றுவிட்ட சகோதரிகள். ஒருவர் பேசினால் மற்றவருக்குப் பாதிக்கு மேல் புரிந்திருக்கும். அதனால் சொற்கள் சத்தமில்லாமல் வீடு மாறின. ‘ஸ்கை’, ‘எக்’, ‘நைஃப்’, ‘ஹஸ்பண்ட்’, ‘லா’ எல்லாம் அப்படி வந்தவை. ‘விண்டோ’வும் வந்ததுதான், நார்ஸில் அதற்குக் ‘காற்றின் கண்’ என்று பொருள். ஜன்னலுக்குப் பழந்தமிழில் வழங்கிய ‘காலதர்’ என்ற சொல்லும் காற்றின் வழி என்றே பொருள்படுவதை நினைக்கும்போது மனம் ஒரு கணம் நின்றுவிடுகிறது. இவற்றையெல்லாம் விட வியப்பானது, ‘அவர்கள்’ என்பதற்கான ‘தே’ என்ற பிரதிப்பெயரையே ஆங்கிலம் நார்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டது. பொருள்களின் பெயரை எந்த மொழியும் எளிதாகக் கடன் வாங்கும். பிரதிப்பெயரைக் கடன் வாங்கவேண்டுமானால் இரண்டு கூட்டமும் ஒரே அடுப்படியில் புழங்கியிருக்க வேண்டும்.

‘ஹேப்’ அந்த அடுப்படிச் சொற்களில் ஒன்று. நார்ஸில் அதன் மூலச்சொல்லுக்கு ‘நல்ல அதிர்ஷ்டம்’ என்றே பொருள். வெறும் தற்செயல் அல்ல. நமக்குச் சாதகமாக அமைந்த தற்செயல். ஆங்கிலத்துக்குள் வந்தபின் அந்த ‘நல்ல’ தேய்ந்துபோனது. நல்லதோ கெட்டதோ, தலையில் விழுந்தது எதுவும் ‘ஹேப்’ ஆயிற்று. பிறகு நல்லது கெட்டதைப் பிரித்துச் சொல்ல அதற்கு முன்னால் வேறு அடை தேவைப்பட்டது.

இப்படி ஒரு தேய்மானம் நம் கண்ணெதிரே தமிழில் நடந்துகொண்டிருக்கிறது. ‘வாய்ப்பு’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘வாய்த்தல்’ என்றால் நன்றாக அமைதல், கிடைத்தல். நல்ல மருமகள் வாய்த்தாள், நல்ல வேலை வாய்த்தது என்போம். அதிலிருந்து வந்த ‘வாய்ப்பு’ம் நல்லதற்கே உரிய சொல்லாக இருந்தது. வானிலை அறிக்கையில் ‘மழைக்கு வாய்ப்பு’ என்று வந்தபோது விவசாயிக்கு அது பொருத்தமாகவே இருந்திருக்கும். ஆனால் இப்போது ‘விபத்து ஏற்பட வாய்ப்பு’, ‘நோய் பரவும் வாய்ப்பு’ என்றெல்லாம் செய்திகளில் படிக்கிறோம். விபத்து எப்படி ஐயா ஒரு வாய்ப்பாகும் என்று மூத்த ஆசிரியர்கள் சிவப்பு மையால் அடித்து ‘அபாயம்’ என்று திருத்துவார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது; நானும் அப்படித்தான் திருத்துகிறேன். ஆனாலும் ‘ஹேப்’ போன பாதையைத் தெரிந்துகொண்டபின், இது மொழியறிவு இல்லாதவர்களின் பிழை என்று மட்டும் சொல்ல என்னால் முடியவில்லை. அதிர்ஷ்டத்தைக் குறிக்கும் சொற்கள் உலகெங்கும் இந்தச் சரிவில்தான் இறங்குகின்றன. முதலில் நல்லது, பிறகு நல்லதோ கெட்டதோ, கடைசியில் வெறும் நிகழ்தகவு.

சரிவில் இறங்காமல் மேலேயே நின்றுவிட்ட பிள்ளையும் ‘ஹேப்’ குடும்பத்தில் உண்டு. ‘ஹேப்பி’ என்ற சொல் 14ஆம் நூற்றாண்டில் தோன்றியபோது அதற்கு மகிழ்ச்சி என்று பொருள் இல்லை. ‘அதிர்ஷ்டக்காரன்’ என்றுதான் பொருள். அதிர்ஷ்டம் வாய்த்தவன் மகிழ்வான் என்ற ஊகம் மெல்ல மெல்லச் சொல்லின் பொருளாகவே உறைந்தது. பிறந்தநாளுக்கு நாம் சொல்லும் ‘ஹேப்பி’யும், சந்தேகத்தில் சொல்லும் ‘பெர்ஹேப்ஸு’ம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ‘நிகழ்’ என்ற பொருளில் வரும் ‘ஹேப்பன்’, விபத்தைக் குறிக்கும் ‘மிஸ்ஹேப்’, கதியற்றவரைச் சொல்லும் ‘ஹேப்லெஸ்’ எல்லாம் உடன்பிறந்தவை. ஒழுங்கில்லாமல் செய்வதைச் சொல்லும் ‘ஹேப்ஹேசர்ட்’டில் இதே நார்ஸ் சொல்லோடு, பகடையாட்டத்தின் பெயரான ‘ஹசார்’ என்ற பிரெஞ்சுச் சொல் ஒட்டியிருக்கிறது. அதிர்ஷ்டத்தின்மேல் அதிர்ஷ்டம்.

‘ஹேப்பி’ வருவதற்கு முன் அந்த இடத்தில் இருந்த பழைய ஆங்கிலச் சொல் ஒன்றின் கதையையும் சொல்லத் தோன்றுகிறது. ‘பேறு பெற்றவன்’ என்று பொருள்பட்ட ‘சேலிக்’ என்ற சொல் அது. பேறு பெற்றவன் கள்ளமற்றவன் ஆனான். கள்ளமற்றவன் இரக்கத்துக்குரியவன் ஆனான். இரக்கத்துக்குரியவன் கடைசியில் அசடன் ஆனான். இன்று அது ‘சில்லி’. ஒரு சொல் மேலே ஏறுவதும் இன்னொன்று கீழே விழுவதும் அந்தச் சொற்களின் குற்றமில்லை.

இனி ‘பெர்’.

1066 அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மண்டியின் வில்லியம் வென்றார். அடுத்த முந்நூறு ஆண்டுகள் இங்கிலாந்தின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு கோலோச்சியது. வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று சட்டம் வந்ததே 1362இல்தான். இந்த வரலாற்றைப் படிக்கும்போது ‘பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரை வென்றார்கள்’ என்று மனதில் பதிந்துவிடுகிறது. ஆனால் ‘நார்மன்’ என்ற பெயருக்கே ‘வடக்கத்தியான்’ என்றுதான் பொருள். ரோலோ என்ற வைக்கிங் தலைவருக்கு 911இல் பிரெஞ்சு அரசர் மூன்றாம் சார்லஸ் சேன் ஆற்றின் கீழ்ப்பகுதியை விட்டுக்கொடுத்தார். அந்த நிலம்தான் நார்மண்டி ஆயிற்று. அங்கே குடியேறியவர்கள் சில தலைமுறைகளில் நார்ஸை மறந்து பிரெஞ்சு பேசத் தொடங்கினார்கள். வில்லியம் அந்த ரோலோவின் வழிவந்தவர்.

ஆகவே ‘பெர்ஹேப்ஸ்’ என்ற சொல்லின் இரண்டு பாதிகளும் ஏறிவந்த கப்பல்கள் ஒரே வடகடல் மக்களுடையவை. ஒரு கூட்டம் நேராக இங்கிலாந்துக்கு வந்து தன் மொழியை அங்கே விதைத்தது. இன்னொரு கூட்டம் பிரான்சுக்குப் போய், தாய்மொழியைத் தொலைத்து, வேறொரு மொழியோடு ஒன்றரை நூற்றாண்டு கழித்து வந்து சேர்ந்தது. ஒரு கூட்டம் ‘ஹேப்’பைக் கொடுத்தது, மற்றது ‘பெர்’ரைக் கொடுத்தது. இந்தச் சொல்லின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பிரெஞ்சில் அது ‘பர்’. லத்தீன் ‘பெர்’ரின் பிள்ளை. பிரெஞ்சுக்காரர்கள் ‘பர் அவந்த்யூர்’ என்றார்கள்: ‘வருவது வருகிறபடி’. ‘பர் ஷாய்ஆன்ஸ்’ என்றார்கள்: ‘விழுகிறபடி’. ‘பர் கா’ என்றார்கள்: அதுவும் ‘விழுகிறபடி’தான். ‘சான்ஸ்’, ‘கேஸ்’ இரண்டுமே ‘விழு’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து கிளைத்தவை. பகடை விழுவது போல நிகழ்ச்சி விழுகிறது. இந்த மூன்று தொடர்களும் ஆங்கிலத்துக்குள் அப்படியே வந்தன. ஆங்கிலக் கவிஞர் சாசர் 14ஆம் நூற்றாண்டில் எழுதிய கவிதைகளில் ‘பராவெஞ்சர்’ சர்வசாதாரணம். பின்னால் லத்தீன் படித்த எழுத்தர்கள், இதன் ‘உண்மையான’ வடிவம் லத்தீனில் இருக்கிறதே என்று ‘பர்’ரைப் ‘பெர்’ராக்கினார்கள். ‘அவெஞ்சர்’ நடுவில் ஒரு ‘ட்’டையும் செருகினார்கள். அப்படித்தான் அது ‘பெரட்வெஞ்சர்’ ஆயிற்று. ‘பர்ஃபிட்’ என்று சாசர் எழுதியது ‘பெர்ஃபெக்ட்’ ஆனதும் இதே கைகளால்தான்.

‘பெர் அட்வெஞ்சர்’, ‘பெர் சான்ஸ்’, ‘பெர் கேஸ்’ என்று ஒரே அச்சில் மூன்று தொடர்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? முன்னால் ‘பெர்’ வரும், பின்னால் தற்செயலைக் குறிக்கும் ஒரு சொல் வரும் என்று காது பழகிவிடும். பின்னால் வருவது பிரெஞ்சாகத்தான் இருக்கவேண்டும் என்று காதுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தங்களிடம் தற்செயலுக்கு ‘ஹேப்’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை அந்த இடத்தில் வைத்தார்கள். ‘பெர் ஹேப்’. 15ஆம் நூற்றாண்டு முடிந்து 16ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது அது ‘ஸ்’ சேர்ந்து ஒரே சொல்லாகக் கெட்டிப்பட்டிருந்தது.

இப்படி இரண்டு மொழி ஒட்டுவது ஆங்கிலத்தில் புதிதல்ல. ஆனால் பெரும்பாலும் ஒட்டு எதிர்த்திசையில் இருக்கும்: அடிச்சொல் பிரெஞ்சு, ஒட்டு ஆங்கிலம். ‘பியூட்டிஃபுல்’ அப்படித்தான். பிரெஞ்சு முன்னிடைச்சொல் ஒன்று ஜெர்மானியப் பெயர்ச்சொல்லோடு சேர்ந்து நிலைத்தது அபூர்வம். ஏனென்றால் ‘பெர்’ போன்ற சொல்லுக்குத் தனியாக உருவம் கிடையாது. சோறு, கத்தி, நாற்காலி போல அதைக் காட்ட முடியாது. அதைக் கடன் வாங்கி, தன் சொந்தப் பெயர்ச்சொல்லின் முன்னால் வைக்கிற அளவுக்கு ஒருவர் போகிறார் என்றால், அந்த மொழி அவருக்கு அந்நியமாக இல்லாமல் போய்விட்டது என்று பொருள்.

இதற்கு நேர்மாறான ஓர் இரட்டைப் பிள்ளையும் இருக்கிறது: ‘பிகாஸ்’. அதைப் பிரித்தால் ‘பை’, ‘காஸ்’. ‘பை’ ஜெர்மானியம், ‘-ஆல்’ என்று பொருள். ‘காஸ்’ பிரெஞ்சு, ‘காரணம்’ என்று பொருள். ‘காரணத்தால்’. ‘பிகாஸ்’ஸில் இடைச்சொல் உள்ளூர், பெயர்ச்சொல் பிரெஞ்சு. ‘பெர்ஹேப்ஸி’ல் இடைச்சொல் பிரெஞ்சு, பெயர்ச்சொல் உள்ளூர்வாசியாகிவிட்ட நார்ஸ். ஒன்று கண்ணாடியில் தெரிகிற மற்றொன்று. பேருந்தில் ‘அரை டிக்கெட்’ கேட்கிறோம். ஓட்டலில் ‘ஃபுல் சாப்பாடு’ சொல்கிறோம். முன்னதில் தமிழ் முதலில், பின்னதில் ஆங்கிலம் முதலில். இரண்டையும் சொல்கிற வாய் ஒன்றே. எந்தப் பாதி எந்த மொழி என்று கேட்டால்தான் யோசிப்போம். ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளுக்கு முன் லண்டன் சந்தையிலும் யார்க் தெருவிலும் இருந்தவர்களின் வாயும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

காரணத்தைச் சொல்லும் சொல்லும், காரணம் தெரியாததைச் சொல்லும் சொல்லும் ஆங்கிலத்தில் ஒரே தச்சுப்பட்டறையில் செய்யப்பட்டவை. தெரிந்ததற்கு ‘பிகாஸ்’, தெரியாததற்கு ‘பெர்ஹேப்ஸ்’.

கடைசியில் நிற்கும் ‘ஸ்’ பற்றிக் கொஞ்சம். அது பன்மை என்றும் சொல்வார்கள், ‘தற்செயல்கள்’. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லோடு ‘எஸ்’ சேர்த்து வினையடை ஆக்கும் வழக்கம் இருந்தது, அதன் சாயல் என்றும் சொல்வார்கள். ‘ஆல்வேஸ்’, ‘நவ்வடேஸ்’ ஆகியவற்றின் கடைசியில் கேட்பது அந்தப் பழைய ஈறுதான். ‘ஒன்ஸ்’, ‘ட்வைஸ்’ என்று எழுத்துமாறி நிற்பவையும் அதே வகை. இரண்டு விளக்கமும் ஒன்றையொன்று தள்ளவில்லை. பன்மையாகத் தொடங்கிய ‘ஸ்’ஸை, மற்ற வினையடைகளோடு பார்த்த காது வினையடை ஈறாக ஏற்றுக்கொண்டிருக்கும்.

பிரெஞ்சு வருவதற்கு முன்னால் ஆங்கிலேயர்களுக்குச் சந்தேகமே வந்ததில்லையா? வந்தது. ‘எதிர்பார்ப்பு என்னவென்றால்’ என்ற அமைப்பில் ‘வேன்’ என்ற சொல்லை வைத்துப் பேசினார்கள். அது போய்விட்டது. ‘இருக்கலாம்’ என்ற வினைத்தொடரே இறுகி ‘மேபி’ ஆயிற்று. ‘நேரலாம்’ என்பது இறுகி ‘மேஹேப்’ ஆயிற்று. இவை முழுக்க ஜெர்மானியம்.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவர்வது இங்கிலாந்தின் வடக்கில், யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளில் வழங்கும் பேச்சு. அங்கே ‘ஹேப்பன்’ என்ற வினைச்சொல்லையே ‘ஒருவேளை’ என்ற பொருளில் வாக்கியத்தின் தலையில் வைத்துவிடுவார்கள். முதல் எழுத்தின் ‘ஹ’ ஒலியையும் விழுங்கி, ‘ஆப்பன் அவன் வருவான்’ என்பதுபோல. பழைய டேன்லா நிலம் அது. நார்ஸ்காரர்கள் குடியேறிய மண்ணில், அவர்களுடைய சொல் பிரெஞ்சு ஊன்றுகோல் எதையும் பிடிக்காமல் தனியாகவே அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. தெற்கில் எழுத்து மொழியாக வளர்ந்த ஆங்கிலத்துக்கு மட்டும் ‘பெர்’ தேவைப்பட்டது.

இத்தனை சொற்கள் போட்டியிட்ட களத்தில் ‘பெர்ஹேப்ஸ்’ எப்படி முன்னுக்கு வந்தது? என் கணிப்பைச் சொல்கிறேன். ‘பெரட்வெஞ்சர்’ நான்கு அசை; ‘பெர்ஹேப்ஸ்’ இரண்டே அசை, வேகமாகச் சொன்னால் ‘ப்ராப்ஸ்’ என்று ஒன்றாகவே சுருங்கிவிடும். தவிர, ‘அட்வெஞ்சர்’ தனியே சாகசம் என்ற பொருளை நோக்கி நடக்கத் தொடங்கியதால் ‘பெரட்வெஞ்சர்’ தன் உள்பொருளை இழந்தது. ‘பெர்ச்சான்ஸ்’ கவிதையோடு ஒதுங்கியது. தூங்கினால் கனவு வருமோ என்று ஷேக்ஸ்பியரின் ஹேம்லட் தயங்கும் வரியில் அது இன்றும் வாழ்கிறது, வெளியே பேச்சில் இல்லை. ‘ஹேப்’ தனிச்சொல்லாக மறைந்துகொண்டிருந்தது ‘பெர்ஹேப்ஸு’க்கு உதவியாகக்கூட இருந்திருக்கும். உள்ளே இருக்கும் சொல் மறந்துபோனால்தான் கூட்டுச்சொல் ஒரே சொல்லாக உணரப்படும். ‘பெர்ஹேப்ஸ்’ என்று சொல்லும்போது யாரும் அதிர்ஷ்டத்தை நினைப்பதில்லை.

‘பெர்’ மட்டும் தனியாகவும் பிழைத்துக்கொண்டது. நூற்றுக்கு இத்தனை என்னும்போது அது ‘பெர்சென்ட்’டில் இருக்கிறது. ‘தங்கள் கடிதத்தின்படி’ என்பதற்கு நம் அலுவலகங்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் ‘ஆஸ் பெர்’ரிலும் அதே ‘பெர்’தான்.

மற்ற மொழிகள் சந்தேகத்தை எதைக் கொண்டு கட்டியிருக்கின்றன என்று பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. பிரெஞ்சுக்காரர்களே இன்று ‘பர்’ தொடர்களை விட்டுவிட்டு ‘ப்யூத்தெத்ர்’ என்கிறார்கள்; ‘இருக்க முடியும்’. ஜெர்மானியர்களின் ‘ஃபீல்லைஷ்ட்’ பழைய வடிவத்தில் ‘மிக எளிதாக’ என்று பொருள்பட்டது. நார்வேக்காரர்கள் ‘கான்ஷே’ என்கிறார்கள், ‘நேர முடியும்’. ஸ்பானிய மொழியின் ‘கிஸா’, ‘யாருக்குத் தெரியும்’ என்ற கேள்வி சுருங்கியது. அதே ஸ்பானிய மொழியில் இன்னொரு சொல்லும் உண்டு: ‘தால் வேஸ்’. நேர்ப்பொருள் ‘அப்படி ஒரு தடவை’. அதைப் பார்த்ததும் சொந்தக்காரரை வெளியூர்ப் பேருந்து நிலையத்தில் பார்த்ததுபோல் இருந்தது. ஏனென்றால் அது நம் ‘ஒருவேளை’.

ஆங்கிலம் அதிர்ஷ்டத்தைப் பிடித்துக்கொண்ட இடத்தில் தமிழ் காலத்தைப் பிடித்துக்கொண்டது. ஒருவேளை, ஒருக்கால், இலங்கைத் தமிழர்கள் பேச்சில் சிலவேளை. எல்லாம் பொழுதின் பெயர்கள். ‘பல பொழுதுகளில் ஏதோ ஒரு பொழுதில் இது உண்மையாகும்’ என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. பகடையும் இல்லை, விதியும் இல்லை.

ஆனால் அடித்துச் சொல்வேன்: தமிழில் சந்தேகத்தின் உண்மையான வீடு ‘ஒருவேளை’ அல்ல. பழந்தமிழில் சந்தேகத்துக்கென்றே ஓர் இடைச்சொல் இருந்தது. ‘கொல்லே ஐயம்’ என்று இரண்டே சொல்லில் தொல்காப்பியம் அதற்கு விதி எழுதிவிட்டது. எதிரே நிற்கும் பெண்ணைப் பார்த்து ‘அணங்குகொல், ஆய்மயில்கொல்லோ’ என்று குறளின் காதலன் தடுமாறும்போது அந்தத் தடுமாற்றம் முழுவதையும் ‘கொல்’ சுமக்கிறது. அதற்கு வேறு பொருள் எதுவும் இங்கே இல்லை, சந்தேகம் மட்டுமே. அது வழக்கிழந்தபின்னும் நாம் ஏழையாகவில்லை. ‘வருவானோ’ என்றால் ஓகாரம் போதும். ‘வரலாம்’ என்றால் வினைமுற்றுக்குள்ளேயே பாதி சந்தேகம் வந்துவிடுகிறது. ‘வந்தாலும் வருவான்’ என்பதில் இருக்கும் அழகான ஊசலாட்டத்தை ‘பெர்ஹேப்ஸ்’ வைத்து எழுதவே முடியாது. எதிர்பார்ப்பு குறைவு, ஆனால் கதவைச் சாத்திவிடவில்லை.

அதனால்தான் ஆங்கிலத்தில் ‘பெர்ஹேப்ஸ்’ வந்த இடத்திலெல்லாம் தமிழில் ‘ஒருவேளை’ போடுவதை நிறுத்திக்கொண்டேன். ‘ஒருவேளை அவர் வரலாம்’ என்பதில் சந்தேகம் இரண்டு முறை சொல்லப்படுகிறது. ‘அவர் வரக்கூடும்’ என்றாலே வாக்கியம் நிமிர்ந்து நிற்கும். ‘ஒருவேளை’க்கு வேறு ஒரு வலுவான இடம் இருக்கிறது: ‘ஒருவேளை அவர் வந்துவிட்டால்?’ என்று நிபந்தனையோடு சேரும்போது அது சரியான சாவியாகப் பொருந்துகிறது.

இன்னொரு கண்ணியும் உண்டு. ஆங்கிலேயர்கள், அதிலும் பிரிட்டிஷ்காரர்கள், ‘பெர்ஹேப்ஸ்’ என்று சொல்லும்போது பல சமயம் சந்தேகமே இருக்காது. ‘பெர்ஹேப்ஸ் நீங்கள் அந்தக் கதவைச் சாத்தலாம்’ என்றால் எழுந்துபோய்க் கதவைச் சாத்துங்கள் என்று பொருள். கட்டளைக்குப் போர்த்திய சால்வை அது. அதைத் தமிழில் ‘ஒருவேளை’ என்று எழுதினால் சால்வை மட்டும் மிஞ்சி ஆள் காணாமல் போய்விடுவார். ‘கதவைக் கொஞ்சம் சாத்திடுறீங்களா?’ என்பதுதான் அந்த இடத்துத் தமிழ். அங்கே ‘கொஞ்சம்’ என்ற சொல் கதவின் அளவைச் சொல்லவில்லை. ‘பெர்ஹேப்ஸ்’ செய்த வேலையைச் செய்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெளிநாட்டு மேலாளர் ஒருவர் ‘பெர்ஹேப்ஸ் இதை வெள்ளிக்கிழமைக்குள் பார்க்கலாம்’ என்று எழுதியதை யோசனை என்று எடுத்துக்கொண்டு, திங்கட்கிழமை வரை நான் சும்மா இருந்திருக்கிறேன். அதிர்ஷ்டத்தைக் குறித்த ஒரு சொல் மரியாதையைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது என்று அன்று எனக்குத் தெரியாது.

ஆபிரகாமிடம் திரும்பிப் போகிறேன். ஆங்கிலத்தில் ஆறு கேள்விக்கும் ஆறு ‘பெரட்வெஞ்சர்’ என்றேன். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அதே பக்கத்தைத் திறந்தால், முதல் கேள்வியில் ‘ஒருவேளை ஐம்பது நீதிமான்கள் இருப்பார்கள்’ என்று அந்தச் சொல் வருகிறது. பேரம் இறங்க இறங்க, மொழிபெயர்த்தவர்கள் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். நாற்பது என்னும்போதே ‘காணப்பட்டாலோ’ என்று வினைக்குள் சந்தேகம் இறங்கிவிடுகிறது. முப்பதுக்கும் அதுதான், இருபதுக்கும் அதுதான். தனிச்சொல் தேவைப்படவில்லை. கேட்கிறவரின் குரல் தாழ்ந்துகொண்டே போவது அந்த ஓகாரத்திலேயே கேட்கிறது: பத்துப்பேர் அங்கே காணப்பட்டாலோ?